ஒரு கார்டு கடனை இன்னொரு கார்டுக்கு மாத்துறது: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்கிட்ட கேக்குற கேள்விகள்

முதல்லயே சொல்லிடறேனுங்க, நான் பேங்குல வேலை பாக்குறவன் இல்ல, கார்டு ஏஜென்ட்டும் இல்ல. பொள்ளாச்சியில ஒரு ஆடிட்டர் ஆபீசுல கணக்கு எழுதுறேன், தினமும் கேரளா எல்லையில இருக்குற கொழிஞ்சாம்பாறையில பஸ் ஏறி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் போய்ட்டு வர்ற ஆளு. ரெண்டு கார்டுல மொத்தம் 1,62,000 ரூபாய் கடன் வச்சிருந்தேன். அதை அடைக்கிறதுக்குள்ள ஒரு தப்பும் பண்ணினேன், கீழ சொல்றேன். அதுக்கப்புறம் பஸ்சுல, டீக்கடையில, கல்யாண வீட்டுலன்னு யாராச்சும் ஒருத்தர் இதைக் கேட்டுட்டே இருக்காங்க, அதான் ஒட்டுக்கா எழுதி வச்சுட்டேன்.

பேலன்ஸ் டிரான்ஸ்பர்னா என்னங்க?

உங்ககிட்ட ஏ பேங்க் கார்டுல ஒரு லட்சம் பாக்கி இருக்கு. பி பேங்க் கார்டுக்காரங்க அந்த ஒரு லட்சத்தை ஏ பேங்குக்கு உங்க சார்பா கட்டிடுவாங்க. இனிமே நீங்க பி பேங்குக்குத் தரணும், ஆனா கொஞ்ச நாளைக்குக் கம்மி வட்டியில. பேலன்ஸ் டிரான்ஸ்பர்னா அவ்வளவுதான். ஒரே பேங்கோட ரெண்டு கார்டுக்குள்ள மாத்த முடியாது, வேற பேங்கா இருக்கணும்.

இதையும் "கார்டு மேல லோன்"ங்கிறதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அந்த லோன்ல காசு உங்க சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கே வந்துடும். வந்த காசு கடனுக்குத்தான் போகுமா? நம்ம வீட்டுல அக்கவுன்ட்டுல காசு இருக்குன்னு தெரிஞ்சா அன்னைக்கே ஒரு மிக்ஸி ரிப்பேர் ஆகும், உங்க வீட்டுல எப்படின்னு தெரியல.

நான்தான் மாசாமாசம் மினிமம் டியூ (பில்லுல கேக்குற குறைஞ்சபட்சத் தொகை) கட்டிடறேனே, அப்புறம் எதுக்கு மாத்தணும்?

இந்தக் கேள்வியைக் கேக்கறவங்ககிட்ட நான் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துடுவேன். இங்க நிறைய கார்டுல வட்டி மாசத்துக்கு 3.5 பர்சன்ட்டுல இருந்து 3.75 பர்சன்ட் வரைக்கும், வருஷத்துக்குப் பாத்தா 42ல இருந்து 45 பர்சன்ட். அந்த வட்டி மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி வேற. ஒரு லட்சம் பாக்கின்னா மாச வட்டி 3,500, ஜிஎஸ்டி 630, ஆக 4,130 ரூபாய். மினிமம் டியூ 5 பர்சன்ட்னு வச்சுக்கிட்டா நீங்க கட்டுறது அஞ்சாயிரத்துச் சொச்சம். அதுல நாலாயிரத்து நூத்தி முப்பது வட்டியிலயே போயிருச்சு, அசலுக்குப் போனது ஆயிரம் ஆயிரத்து நூறுதான்.

இப்படியே ஒரு வருஷம், ஒரு மாசம் கூட தவறாம, புதுசா ஒரு ரூபாய்க்குக் கூட கார்டு தேய்க்காம கட்டினீங்கன்னா மொத்தம் சுமார் 59,000 ரூபாய் கட்டியிருப்பீங்க. கடன் எவ்வளவு குறைஞ்சிருக்கும்? சுமார் 12,000. மீதி 88,000 அப்படியே உக்காந்திருக்கும். நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்த அன்னைக்கு ராத்திரி தூங்கல.

இன்னொரு விஷயம், பாக்கி வச்சு ஓட்டிட்டு இருக்கும்போது புதுசா வாங்குற பொருளுக்கும் அந்த 45, 50 நாள் வட்டியில்லாத சலுகை கிடையாது. வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல.

மாத்தினா எவ்வளவுதான் மிச்சம் ஆகும்?

அதே ஒரு லட்சத்தை, மாசம் 1.5 பர்சன்ட் வட்டியில 12 மாச ஈஎம்ஐயா மாத்துறீங்க, ப்ராசசிங் ஃபீஸ் 2 பர்சன்ட்னு ஒரு உதாரணம் வச்சுக்குவோம் (உங்களுக்கு வர்ற ஆஃபர் வேற மாதிரி இருக்கலாம், அதைப் போட்டுப் பாத்துக்குங்க). ஈஎம்ஐ 9,168 ரூபாய், வருஷத்துக்கு வட்டி சுமார் 10,000, வட்டி மேல ஜிஎஸ்டி 1,800, ஃபீஸும் அதோட ஜிஎஸ்டியும் 2,360. எல்லாம் சேத்து 14,200 ரூபாய் செலவு. மாசம் சராசரியா 9,500 வருது.

இப்ப நியாயமா ஒப்பிடணும்னா அதே 9,500ஐ பழைய கார்டுலயே மாசாமாசம் கட்டினா என்ன ஆகும்னு பாக்கணும். 14 மாசத்துக்கு மேல இழுக்கும், வட்டியும் வரியுமா 34,000 வரைக்கும் போகும். வித்தியாசம் கிட்டத்தட்ட 20,000 ரூபாய். நல்ல காசுதானுங்க. ஆனா ஒண்ணு பாருங்க, ரெண்டு கணக்குலயும் மாசம் 9,500 கட்டுற கை வேணும். அஞ்சாயிரம்தான் முடியும்னா இந்த 12 மாச ஈஎம்ஐ உங்களை மூணாவது மாசமே கவுத்திரும், நீண்ட மாசம் கிடைக்குதான்னு பாக்கணும், இல்லன்னா வேற வழி பாக்கணும்.

அமெரிக்காவுல இருக்குற மச்சான் 18 மாசம் ஜீரோ வட்டிங்கிறாரே, யூடியூப்லயும் சொல்றாங்களே?

அங்க அது நிஜம்தான். 12 மாசத்துல இருந்து 21 மாசம் வரைக்கும் வட்டியே இல்லாத கார்டு அங்க கிடைக்குது, மாத்துற தொகைக்கு 3ல இருந்து 5 பர்சன்ட் ஃபீஸ் மட்டும் ஆரம்பத்துலயே எடுத்துக்குவாங்க. இங்க அந்த மாதிரி தேடித் தேடி நாளை ஓட்டாதீங்க. நம்ம ஊர்ல பேலன்ஸ் டிரான்ஸ்பர்னு பேரு வச்சிருந்தாலும் பெரும்பாலும் அது கம்மி வட்டி ஈஎம்ஐதான். சில கார்டுல 60 நாள் மாதிரி குட்டியா ஒரு ஜீரோ வட்டிக் காலம் தருவாங்க, அதுக்கும் ஃபீஸ் உண்டு. ரெண்டு மாசத்துல கைக்கு ஒரு தொகை நிச்சயமா வரும், நெல்லு காசோ போனஸோ, அப்படின்னா அந்த 60 நாள் உங்களுக்குப் பிரயோஜனம். 'வரும்னு நெனக்கிறேன்'னா வேண்டாம்.

"ஃப்ளாட் 1 பர்சன்ட்"னு ஃபோன்ல சொன்னாங்க, வருஷத்துக்கு 12 தானே?

இல்லீங்க. ஃப்ளாட்னா நீங்க பாதிக் கடனை அடைச்ச பிறகும் முழு ஒரு லட்சத்துக்குமே வட்டி போடுவாங்க. மாசம் 1 பர்சன்ட் ஃப்ளாட்டுல 12 மாசம்னா குறையுற பாக்கிக்குப் போடுற கணக்குல அது வருஷத்துக்கு 21 பர்சன்ட்டுக்கு மேல. ஃபோன்ல பேசுறவங்ககிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "ஃபீஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேத்து கடைசி மாசம் வரைக்கும் நான் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" அந்த நம்பரை மெசேஜ்லயோ மெயில்லயோ வாங்கிட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க.

எங்க அட்ரஸ் கேரளா, வேலை தமிழ்நாட்டுல, கார்டு எடுத்தது கோயமுத்தூர்ல. மாத்த முடியுமா?

முடியும். கிரெடிட் கார்டுக்கு பிராஞ்சும் கிடையாது, மாநிலமும் கிடையாது. ஏற்கனவே கையில ரெண்டு பேங்க் கார்டு இருந்தா ஆப்லயே பண்ணிடலாம். மாத்துறதுக்காகப் புதுசா கார்டு எடுக்கும்போதுதான் நம்ம பக்கம் வம்பு. ஆதார்ல வேலந்தாவளம், சம்பள சிலிப்ல பொள்ளாச்சி, வாடகை வீடு கிணத்துக்கடவுன்னு மூணு இடம் இருந்தா வெரிஃபிகேஷனுக்கு வர்றவன் குழம்பிப் போய் ரிஜெக்ட்னு எழுதிட்டுப் போயிருவான். சில பின்கோடுக்கு சில பேங்க் கார்டே தர்றதில்ல. அதனால அட்ரஸை முதல்ல ஒண்ணாக்கிட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க, ஏன்னா ஒவ்வொரு தடவை அப்ளை பண்றதும் சிபில் ரிப்போர்ட்ல (நம்ம கடன் வரலாறு இருக்குற ரிப்போர்ட்) ஒரு விசாரணையா பதிவாகும், ஒரே மாசத்துல நாலு பேங்குல முட்டினா அஞ்சாவது பேங்க் நம்மளை வேற கண்ணுல பாக்கும்.

கஸ்டமர் கேர்ல மலையாளம்தான் வருதுன்னு பயப்பட வேண்டாம், தமிழ் கேட்டா மாத்தி விடுவாங்க. "பலிச"ன்னு அவங்க சொன்னா வட்டிதான். நம்ம சோழர் காலத்துக் கல்வெட்டுலயே வட்டியைப் பலிசைன்னுதான் வெட்டி வச்சிருக்காங்க, நாம விட்டுட்டோம் அவங்க வச்சிருக்காங்க.

லிமிட் ஒரு லட்சம் இருக்குற கார்டுக்கு ஒரு லட்சத்தையும் மாத்தலாமா?

மாட்டாங்க. பொதுவா முக்கால்வாசி லிமிட் வரைக்கும்தான் விடுவாங்க. அதுலயும் ஏற்கனவே செலவு பண்ணினது போக மிச்சம் இருக்குறதுலதான். மொத்தக் கடனும் அடங்கலைன்னா வட்டி ஜாஸ்தி இருக்குற கார்டுல இருந்து முடிஞ்ச அளவு மாத்துங்க.

மாத்தியாச்சு. இனி பழைய கார்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்ல?

இங்கதான் நிறைய பேரு அடி வாங்குறாங்க. அப்ளை பண்ணின அன்னைக்கே பணம் போய்ச் சேராது, சில நாள் ஆகும். நடுவுல பழைய கார்டு டியூ தேதி வந்துட்டா நீங்கதான் கட்டணும். டியூ தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல போனாத்தான் சிபிலுக்குத் தாமதம்னு சொல்லலாம், லேட் ஃபீஸும் போடலாம்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, ஆனா அந்த மூணு நாளை நம்பி வண்டி ஓட்டாதீங்க.

அப்புறம் ஸ்டேட்மென்ட் தேதிக்கும் பணம் போய்ச் சேந்த தேதிக்கும் நடுவுல ஓடின வட்டி, அடுத்த மாச பில்லுல வாலு மாதிரி வரும். எனக்கு ஜீரோ ஆயிருச்சுன்னு நெனச்சு ஆப்பையே டெலீட் பண்ணிட்டேன், அடுத்த மாசம் 1,900 ரூபாய் சொச்சம் பில்லு, அது தெரியாம விட்டு அதுக்கு லேட் ஃபீஸ். ரெண்டு மாசத்துக்குப் பழைய கார்டு ஸ்டேட்மென்ட்டை விடாம பாருங்க.

நீங்க பண்ணின தப்பு என்னன்னு சொல்லவே இல்லையே?

பழைய கார்டு காலியா ஆச்சுல்ல, லிமிட் முழுசா 90,000 காட்டுது. மனசு சும்மா இருக்குமா? முதல்ல பைக்குக்கு ரெண்டு டயர், "அடுத்த மாசம் கட்டிடலாம்". அப்புறம் தீபாவளித் துணி. அப்புறம் தங்கச்சி பையன் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர், அதை எப்படிங்க கம்மி பண்றது, பந்தல்ல நாலு பேரு பாப்பாங்க. ஏழு மாசத்துல பழைய கார்டுல 58,000 ஏறிருச்சு. புது கார்டு ஈஎம்ஐ ஒரு பக்கம், பழைய கார்டு வட்டி ஒரு பக்கம். மாத்தறதுக்கு முன்னாடி ஒரு கடன்காரன், மாத்தின பிறகு அதே ஆளு ரெண்டு கடன்காரன்.

அதனால என்கிட்ட யாரு வந்தாலும் வட்டி எத்தனைன்னு கேக்க மாட்டேன், "பழைய கார்டை என்ன பண்ணப் போறீங்க?"ன்னுதான் கேப்பேன். அதுக்கு பதில் இல்லாதவங்க மாத்தவே வேண்டாம். நான் கடைசியில கார்டை வீட்டுக்காரிகிட்ட குடுத்து அரிசிப் பானைக்குள்ள போடச் சொன்னேன், ஆன்லைன் ஆப்புல எல்லாம் சேவ் பண்ணியிருந்ததையும் அழிச்சேன். பானைக்குள்ள போட்டதை விட அழிச்சதுதான் உதவுச்சு.

புது கார்டுல செலவு பண்ணலாமா?

கடன் முடியற வரைக்கும் வேண்டாம். நீங்க கட்டுற பணம் முதல்ல வரி, ஈஎம்ஐ, ஃபீஸ், வட்டின்னு போய் கடைசியிலதான் புதுசா வாங்கினதுக்கு வரும். ஒரு மாசம் முழுசா கட்ட முடியலைன்னா அந்தச் செலவுக்குப் பழைய 3.5 பர்சன்ட் வட்டிதான்.

நகையை வச்சு அடைச்சா என்ன?

நம்ம பக்கம் இதுதான் முதல்ல தோணும், தோணறதும் தப்பில்ல. முத்தூட், மணப்புரம் ரெண்டுக்கும் தலைமை ஆபீஸே கேரளாவுலதான், டவுன்ல நாலு எட்டு வச்சா ஒரு நகைக்கடன் போர்டு. பேங்குல நகைக்கடன் வருஷத்துக்கு 10 பர்சன்ட் வாக்குல கிடைச்சா, ஒரு லட்சத்துக்கு வருஷ வட்டி பத்தாயிரம், அவ்வளவுதான். தனியார் கம்பெனியில கூடும், கேட்டுக்குங்க. இதுல ஒரு சூட்சுமம் என்னன்னா சாதாரணக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும்தான் உண்டு. அதனால பேலன்ஸ் டிரான்ஸ்பர் ஈஎம்ஐ வட்டியும் ஜிஎஸ்டியைச் சுமந்துட்டுத்தான் வரும். பர்சனல் லோன் 14 பர்சன்ட், டிரான்ஸ்பர் ஈஎம்ஐ 14 பர்சன்ட்னு ரெண்டு வந்தா பர்சனல் லோன்தான் கம்மி, ஃபீஸ் ஒண்ணா இருந்தா.

ஆனா நகைக்கு ஏலம்னு ஒரு பயம் இருக்கு. கார்டுக்காரன் ஃபோன்தான் பண்ணுவான், நகைக்காரன் தாலிக்கொடியையே எடுத்துருவான். மாசாமாசம் கட்டுற ஒழுக்கம் இல்லாதவங்களுக்கு ஈஎம்ஐ தேவலாம், வருஷக் கடைசியில மொத்தமா தேங்காய்க் காசு வர்றவங்களுக்கு நகைக்கடன் தேவலாம். எதுவா இருந்தாலும் நகை யாரோடதோ அவங்களைக் கேட்டுட்டு வைங்க.

கேஎஸ்எஃப்இ சிட்டி (கேரள அரசு நிறுவனத்தோட சீட்டு) போட்டிருக்கேன், எடுத்துக் கட்டலாமா?

எவ்வளவு தள்ளி எடுக்கறீங்கன்னு பாருங்க. ஒரு லட்சம் சிட்டியை அவசரத்துல 70,000க்கு எடுத்தா, அந்த 30,000 போனது கார்டு வட்டியில போனதுக்குச் சமம்தான். தள்ளுபடி கம்மியா ஆகுற வரைக்கும் காத்திருக்க முடியும்னா நல்ல வழி.

கடையில கார்டு தேய்ச்சுக் காசு வாங்கி இன்னொரு கார்டுக்குக் கட்டுறேன், நூத்துக்கு ரெண்டரை ரூபாய்தானே?

ரொட்டேஷன்னு சொல்லுவாங்க இதை. மாசம் ரெண்டரைன்னா வருஷத்துக்கு 30, அசலு ஒரு பைசா குறையாது. பொருள் வாங்காம தேய்க்கிறது கார்டு விதிக்கே விரோதம், பேங்க் கண்டுபிடிச்சா கார்டை நிறுத்திரும், அன்னைக்கு மொத்தச் சுத்தும் நின்னு எல்லா கார்டும் ஒரே மாசத்துல கழுத்தைப் பிடிக்கும். ஏடிஎம்ல கார்டைப் போட்டு எடுக்கறது அதை விட மோசம், எடுத்த நிமிஷத்துல இருந்து வட்டி, தனி ஃபீஸ் வேற.

பிளேடுக்காரன் (கந்துவட்டிக்காரன்) மேல எல்லாம் கேஸ் போடுறாங்க, பேங்க் 42 பர்சன்ட் வாங்கினா மட்டும் கேக்க ஆளில்லையா?

நல்ல கேள்வி. தமிழ்நாட்டுல கந்துவட்டிக்கு 2003லயே சட்டம், கேரளாவுல 2012ல. 2014ல ஆபரேஷன் குபேரன்னு கேரள போலீஸ் பிளேடுக்காரங்களை வீடு வீடா தேடினது இந்தப் பக்கம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பேங்க் கதை வேற. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல, கார்டுக்கு வருஷம் 30 பர்சன்ட்டுக்கு மேல வட்டி வாங்கறது முறையில்லைன்னு சொல்லுச்சு. பேங்குக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, 2024 டிசம்பர் 20ஆம் தேதி அந்த உத்தரவை கோர்ட் ரத்து பண்ணிருச்சு. ஆக இன்னைக்கு வட்டிக்கு மேல் வரம்பு இல்ல, ஏமாந்தா நாமதான்.

ஆனா வசூலுக்கு வர்றவங்களுக்கு வரம்பு இருக்கு. காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது. மிரட்டினா முதல்ல பேங்குக்கு எழுத்துல புகார் குடுங்க, 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட (குறை தீர்க்கிற அதிகாரி) போலாம், அதுக்குக் காசு எதுவும் கட்ட வேண்டாம்.

பாதியில மொத்தமா அடைச்சா?

ப்ரீக்ளோஷர் சார்ஜ் போடுவாங்க, மிச்ச அசலுக்கு 3 பர்சன்ட் மாதிரி, அதுக்கும் ஜிஎஸ்டி. கடைசி ரெண்டு மூணு மாசம்னா விட்டுருங்க, லாபம் இருக்காது.

"செட்டில்மென்ட் பண்ணிக்கலாம், பாதி கட்டுங்க"ங்கிறாங்க?

வேலை போயி, வேற வழியே இல்லாதவங்களுக்கு அது. சிபில்ல "செட்டில்டு"ன்னு விழுந்தா வீட்டுக் கடன் கேக்கும்போது வருஷக்கணக்குல முன்னாடி வந்து நிக்கும். ஈஎம்ஐ கட்ட முடியறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

ஓடிபி சொன்னா அவங்களே மாத்தித் தர்றதா ஃபோன் வருது.

வைங்க ஃபோனை. ஓடிபியும் கார்டு பின்னாடி இருக்குற மூணு நம்பரும் எந்த பேங்க்காரனும் கேக்க மாட்டான். ஆஃபர் வேணும்னா நீங்களே பேங்க் ஆப்ல போய்ப் பாருங்க. ஏற்கனவே சொல்லித் தொலைச்சிருந்தா சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு உடனே அடிங்க, நாளைக்கு இல்ல, இப்பவே.

மாத்தி முடிச்சுட்டு பழைய கார்டை க்ளோஸ் பண்ணிடலாமா? சிபில் குறையும்ங்கிறாங்களே.

கொஞ்சம் குறையலாம், மொத்த லிமிட் குறைஞ்சு நீங்க பயன்படுத்துற பங்கு கூடுதலா தெரியும்கிறதால. ரொம்பப் பழைய கார்டுன்னா, கை அடங்கும்னா, வச்சுக்கோங்க. என்னை மாதிரி கை அடங்காத ஆளுன்னா க்ளோஸ்தான். வாலு பில்லையும் கட்டி பாக்கி சுத்தமா ஜீரோ ஆன பிறகு க்ளோஸ் பண்ணச் சொல்லி எழுத்துல குடுங்க. ஏழு வேலை நாளைக்குள்ள மூடணும், தாமதமானா ஒரு நாளைக்கு 500 ரூபாய் அவங்க உங்களுக்குத் தரணும்னு ரிசர்வ் பேங்க் 2022ல போட்ட விதி. பாக்கி இல்லைன்னு நோ டியூ லெட்டர் வாங்கி வச்சுக்குங்க, ரெண்டு மாசம் கழிச்சு சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க, வருஷத்துக்கு ஒண்ணு இலவசம்.

நான் குடுத்தப்ப மூணு தடவை ஃபோன் வந்துச்சு. வருஷ ஃபீஸ் வேண்டாம்னாங்க, லிமிட்டை ஒன்றரை லட்சம் ஆக்கறோம்னாங்க. மூணாவது தடவை வீட்டுக்காரி ஃபோனை வாங்கி, "கார்டு அரிசிப் பானையில இருக்குதுங்க, நீங்களே வந்து எடுத்துக்கறீங்களா?"ன்னு கேட்டா. நாலாவது நாள் க்ளோஸ் ஆன மெசேஜ் வந்துருச்சு.